தாழ்ப்பாள் இல்லாத வீடு

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சாவகாசமாகச் சொன்னாள்:

"எங்க வீட்ல இப்ப ஒரு கதவுக்கும் தாழ்ப்பா கிடையாதுக்கா."

"பாத்ரூமுக்குமா?"

"அதுக்குந்தான். எங்க மாமியாரே திருப்புளிய எடுத்துக் கழட்டிப் போட்டாக."

"அப்புறம் எப்பிடிடி குளிக்கிறீக?"

"உள்ள இருக்குறவுக பாட்டுப் பாடணும். பாட்டுக் கேட்டா யாரும் கதவத் தொறக்க மாட்டாக. எங்க மாமனார் பாடுறதத்தான் தாங்க முடியல."

மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கிறுக்குப் புடிச்ச குடும்பமாவுல்ல இருக்கு! யாருக்காகடி இம்புட்டும்?"

"எனக்காகத்தாங்க்கா. சித்திரையில உள்பக்கமாத் தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டுச் சாகப் பாத்தேன். கதவ ஒடச்சுத்தான் தூக்கிட்டு ஓடுனாக. இப்ப டாக்டர்ட்ட காட்டுறோம். மாத்திரை சாப்பிடுறேன்."

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"இப்ப நீயும் பாடுறியாடி?"

"பாடுவேன். நேத்து முடியலக்கா, அழுகையா வந்துச்சு. சத்தம் கேக்கலன்னதும் மாமியார் ஓடி வந்து, கதவத் தொறக்காம, வெளிய நின்னு அவுகளே பாட ஆரம்பிச்சுட்டாக. நான் சேந்து பாடுற வரைக்கும் நிறுத்தவே இல்ல."