நான் போட்ட மஞ்சள் கோடு

பழைய மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறவர்கள் முதலில் இன்ஜினைத்தான் குனிந்து பார்ப்பார்கள். அது தவறு சார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். வார்னிஷ் வாடை அடித்தால் வண்டியைப் பல வருடமாக யாரும் தொடவில்லை என்று அர்த்தம். என் வண்டியில் வார்னிஷ் வாடைதான் அடித்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பதினெட்டு வருடம் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நேரம் வரட்டும் என்று வைத்திருந்தேன். நல்ல வேலையில் அவசரப்பட்டுக் கை வைக்கிற ஆள் இல்லை நான்.

உங்கள் மேஜை ஆடுகிறது. அந்தக் காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வையுங்கள், எழுத்து நேராக வரும். நான் நிதானமாகவே சொல்கிறேன், எனக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

பம்ப் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இறுதிச் சோதனையில் இருந்தேன். அங்கே ஒரு வழக்கம். நட்டை முறுக்கினவன் அதற்கு அடையாளம் போடக் கூடாது. இன்னொருவன் வந்து, தன் கையால் ஸ்பேனர் போட்டு அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு போடுவான். கோடு விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த நட்டை யாரும் தொடுவதில்லை. மேனேஜர்கூடத் தொட மாட்டார். நான் கோடு போட்டு வெளியே போன பம்ப் ஒன்றுகூட நட் கழன்று திரும்பி வந்ததில்லை. நீங்கள் வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்கட் டப்பாவுக்குப் படம் வரைவது அவன் தொழில். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். என் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நான், மகள், அவன், மூன்றே பேர். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். நல்ல பையன் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். ஒன்றும் தெரியாதவனைத்தான் ஊரில் நல்லவன் என்பார்கள், அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது.

ஒரு நாள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, இவ்ளோ அழகான வண்டிய இப்படிப் போட்டு வச்சிருக்கீங்களே. நான் செஞ்சு பாக்கட்டுமா?"

நான் தார்ப்பாயை இழுத்து மூடினேன். மகள்தான் இடையில் புகுந்தாள். "குடுங்கப்பா. சும்மாதானே கெடக்கு. அவரும் ஆசைப்படறாரு."

மகள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. சரி என்றேன்.

எட்டு மாதம் அந்தக் கூத்தைப் பார்த்தேன். அவன் வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்க்ரூ ஸ்பேனர். ஆறு மூலை உள்ள நட்டைத் திருகித் திருகி வட்டமாக்கினான். கார்புரேட்டர் துளையைத் துணி தைக்கிற ஊசியால் குத்திச் சுத்தம் செய்தான். அவனுக்குக் குரு கைபேசி. அதில் எவனோ தாடி வைத்தவன் பேசுவான், இவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். கடைசியில் கிரைண்டரை எடுத்துப் பின்பக்கச் சட்டத்தையே அறுத்தான். மட்கார்டு இரண்டும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. சைலன்சருக்கு மேல் கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடுகிற மாதிரித் துணிப்பட்டை சுற்றினான். டேங்க்கின் அசல் பச்சைப் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பளபளப்பே இல்லாத கறுப்பு அடித்தான். இரண்டு பேர் உட்கார்ந்த நீள சீட்டைத் தூக்கிப் போட்டு, ஒற்றை ஆள் சீட் ஒன்று தைத்து வாங்கினான். அந்த ஒற்றை சீட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் சார். நானும் வைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கு மாமா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பான். வாயெல்லாம் பல்.

"உங்க வண்டி, உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்பேன். என் வண்டியைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் என் பேச்சைக் கேட்டான். அவன் முறுக்குகிற நட்டை நான் பார்த்துக் கோடு போடுவேன் என்றேன். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கொட்டகையில் என் மஞ்சள் பெயின்ட் பேனாவுக்கென்று ஒரு ஆணி அடித்து மாட்டினான். நண்பர்களைக் கூட்டிவந்து கோடுகளைக் காட்டுவான். "மாமா கோடு போட்டுட்டாருன்னா அவ்ளோதான். அதுக்கு மேல நான் யோசிக்கவே மாட்டேன்" என்பான். உண்மையிலேயே யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் அவனுக்கு எதிலும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை வண்டியைக் கிளப்பிப் பார்த்தான். நாற்பது உதை உதைத்து வியர்த்து ஓய்ந்துபோவான், பிறகு என்னைக் கூப்பிடுவான், நான் சொல்லித் தருவேன் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது. சீரான சத்தம். இரைச்சல் இல்லை, திணறல் இல்லை. நட்டை வட்டமாக்கினவன் கையில் அப்படி ஓடியது. இயந்திரங்களுக்கும் ரோஷம் கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் கைதட்டினார். மகள் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள், "எங்கப்பா பதினெட்டு வருஷமாச் செய்யப்போறேன் செய்யப்போறேன்னுட்டே இருந்தாரு. இவரு எட்டே மாசத்துல செஞ்சிட்டாரு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டாகச் சொன்ன பேச்சு, நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அதனால்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது பொய். ஒரு நல்ல இயந்திரம் அந்த மாதிரி ஆளிடம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம். என் சோதனை மேஜைக்கு அவன் வந்திருந்தால் முதல் பார்வையிலேயே கழித்து ஒதுக்கியிருப்பேன். கல்யாணத்தில் அந்த வசதி இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்று காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் எதையோ வாங்கிவரப் போனார்கள். என்ன என்று கேட்டதற்கு, "வந்து காட்டறோம்பா" என்று சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டார்கள். நான் கொட்டகைக்குப் போனேன்.

முன்பக்க பிரேக் தட்டு சக்கரத்தோடு சுற்றிவிடாமல் அதைப் பிடித்து நிறுத்த ஒரு இரும்புப் பட்டை உண்டு. அதற்கு ஒரே ஒரு நட். அது கழன்றால் வண்டி ஓடும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தில் பிரேக்கை அழுத்துகிற நேரத்தில் தட்டும் சேர்ந்து சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். எங்கள் தெரு முடிந்ததும் நீண்ட இறக்கம், அடியில் திருப்பம், திருப்பத்தில் கிடங்கின் மதில். பிரேக்கை அழுத்தாமல் அங்கே யாரும் திரும்ப முடியாது.

அந்த நட்டில் என் கோடு இருந்தது. பெயின்டைக் கரைக்கிற தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். நட்டை இரண்டரைச் சுற்று தளர்த்தினேன். ஒன்றும் அவசரமில்லை. மறுபடி கோடு போட்டேன், பழையதைவிட நேராகவே வந்தது. கையைக் கழுவிக்கொண்டு டீ போட்டுக் குடித்தேன்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். மகள் கையில் சின்னதாக ஒரு சீட். அவளுக்கென்று ரகசியமாகத் தைத்து வாங்கியிருக்கிறான். பின்னால் நான்கு நட் போட்டு மாட்டுகிற மாதிரி.

"ஒத்தை சீட்டுன்னு சொல்லி என்னை ஏமாத்திட்டு இருந்தாருப்பா" என்றாள் மகள். "முதல் ரவுண்டு நான் இல்லாம போகமாட்டாராம்."

அவன் பத்து நிமிடத்தில் சீட்டை மாட்டினான். பிறகு ஆணியிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினான். "மாமா, கோடு."

குனிந்து பார்த்தேன். நான்கு நட்டையும் ஸ்பேனர் போட்டு அசைத்தேன். ஒன்று கொஞ்சம் அசைந்தது. அதை முறுக்கச் சொல்லி, மறுபடியும் அசைத்துப் பார்த்து, அப்புறம்தான் நான்கு கோடும் போட்டேன். மகள் உட்காரப்போகிற இடமாயிற்றே, அசட்டையாக விட முடியுமா?

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான். வார்த்தை தொண்டைவரை வந்தது. 'இருங்க, முன்னாடி ஒரு நட்டைப் பாத்துடறேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் கோடு போட்ட நட்டை மறுபடி பார்ப்பதென்றால் என்ன அர்த்தம்? என் கோட்டை நானே நம்பவில்லை என்று ஆகும். அவன் சிரித்திருப்பான். "என்ன மாமா, உங்க கோட்டுலயே சந்தேகமா?" என்று கேட்டிருப்பான், அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். தையல்காரர் வேறு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தொரு வருடத்தில் நான் கோடு போட்ட நட்டை இரண்டாம் தடவை தொட்டதில்லை சார்.

மகள் ஏறி உட்கார்ந்தாள். ஹெல்மெட் பட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். "மெதுவாப் போங்க" என்றேன். அப்பா என்ற முறையில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவனுக்குத் தோள்பட்டை முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. அவள் மதிலில் போய் விழுந்தாள். நான் நடந்து போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அவன் ரோட்டில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து அழுதான். "நான் கொன்னுட்டேன் மாமா" என்றான். ஆமாம் என்று நினைத்தேன். ஒற்றை சீட் என்று சொன்னவன் சொன்னபடி நடந்திருக்க வேண்டும். இரண்டாவது சீட்டைத் தைத்தவன் அவன்தானே? இன்றைக்கும் என் எண்ணம் அதுதான்.

பேசாமல்தான் இருந்திருப்பேன். நாற்பது நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். அவன் ஒற்றைக் கையால் சமைத்து எனக்குத் தட்டில் போட்டு வைத்தான், நான் சாப்பிட்டேன். அழ வேண்டிய நேரத்தில் அழுதேன், அதில் நடிப்பு இல்லை. ஒரே மகள்.

நேற்று உங்கள் ஸ்டேஷன் ஆள் வீட்டுக்கு வந்து வண்டியைச் சோதித்தவர்களின் அறிக்கையைப் படித்துக் காட்டினார். ரோட்டோரம் கிடைத்த நட்டில் கோடு பளிச்சென்று இருந்ததாம். முறுக்காமலே அடையாளம் போட்டிருக்கிறார்கள், கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. அதற்கடியில் மாப்பிள்ளையின் வாக்குமூலம். அந்தக் கோட்டைத் தானே போட்டதாகவும், மாமா அந்த நட்டைப் பார்க்கவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறான்.

உங்கள் ஆள் போனதும் அவனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "விடுங்க மாமா. வயசாயிடுச்சு, ஏதோ ஒரு நட்டு கைதவறியிருக்கும். உங்க கையால போச்சுன்னு நீங்க நெனைச்சு நெனைச்சு சாகக் கூடாது. எம்பேர்லயே இருக்கட்டும். அவளும் அதைத்தான் சொல்லியிருப்பா."

என்மேல் இரக்கப்படுகிறான் சார். கார்புரேட்டரை ஊசியால் குத்தினவன். என் கை தவறிவிட்டதாம். எனக்கு வயதாகிவிட்டதாம். அதை மன்னிக்கிறானாம். என் கோட்டைத் தன் கோடு என்று சொல்லிக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறானாம். ராத்திரி தூங்கவில்லை, விடிந்ததும் கிளம்பி இங்கே வந்துவிட்டேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள், கோடு போட்டுக் காட்டுகிறேன். அவனையும் போடச் சொல்லுங்கள். எது யார் கை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தியவன் நான். தெரிந்தே தளர்த்தினேன், சரியாக இரண்டரைச் சுற்று. கோடு போட்டவன் நான். என் மகள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு கேட்டைத் திறந்துவிட்டவனும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அறிக்கையில் கவனக்குறைவு என்று இருக்கிறதே, அதை மட்டும் என் கண் முன்னால் அடித்துவிடுங்கள். பெற்ற மகளைப் பறிகொடுத்தவன் சார் நான், அந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்க என்னால் முடியாது.