அழைக்கப் போன வீட்டுக் கலர்

திருவாரூரில் ஈசனைத் தொழுது நான் கீழ்வேளூருக்குத் திரும்பிய பேருந்தில், என் முன் இருக்கையில் கணவனும் மனைவியும் மகளின் கல்யாணப் பத்திரிகைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தனர். குளிர்பானப் பாட்டில்களில் சர்க்கரை பற்றிய எச்சரிக்கையை அச்சிட வேண்டுமென்று அரசு சொன்ன செய்தியை நாளிதழில் படித்த கணவர் கொதித்தார்.

“நான் என்ன குடிக்கணும்னு கவர்மென்ட்டா சொல்றது? அது என் இஷ்டம்.”

“உடம்புல சர்க்கரையை வச்சுக்கிட்டு, இன்னிக்குப் பத்திரிகை வச்ச வீட்டுலயெல்லாம் கலர் குடிச்சீங்களே, அதுல எதுங்க உங்க இஷ்டம்?”

“வேண்டாம்னா அவங்க மனசு நோகாதா?”

“சர்க்கரை இருக்குன்னு சொல்றதுதானே?”

“பொண்ணு கல்யாணத்துக்கு அழைக்கப் போன இடத்துல வியாதியையா சொல்வாங்க?”

“தாரை வார்க்க நீங்க நல்லபடியா நிக்கணும். உங்களுக்கு வாய் வரலைன்னா பாட்டிலாவது சொல்லட்டும்.”