வள்ளூர் புகை திரும்பிய பிறகு

டீயில் சர்க்கரை வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் சொல்லி அனுப்பினீர்களே, நன்றி சார். எங்கள் ராயபுரத்தில் அப்படிக் கேட்டால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

இக்னேஷியஸ் என் தங்கை ரூத்தின் புருஷன். அதற்கு முன்பே என் சிநேகிதன். கடலோரக் குழாய்களை மேலிருந்து படம் எடுக்கும் கம்பெனியில் நாங்கள் இருவரும் பைலட்டுகள். காட்டுப்பள்ளிப் பக்கம் சின்னதாக ஓர் ஓடுதளம், ஒரே ஒரு குட்டி விமானம். ரூத்துக்கு அவனைப் பார்த்துக் கட்டிவைத்ததே நான்தான்.

போன வருஷம் ஒன்றாகப் பறந்தபோது, எண்ணூருக்கு மேலே கொஞ்சம் அசந்துவிட்டேன். அசதிதான். விமானத்தை அவன் கையில் வாங்கி இறக்கினான். "மச்சான், கண்ணு தொறந்துகினுதான் கீது, ஆனா உள்ள நீ இல்ல" என்றான். எதையும் பெரிதாக்குகிறவன். யாரிடமும் சொல்வதில்லை என்று மாதா சுரூபத்தின் முன்னால் என் கைமேல் அடித்துச் சத்தியம் செய்தான். அடுத்த வாரமே கம்பெனி டாக்டரிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். வலிப்பில் அது ஒரு வகையாம். என் லைசென்ஸ் போயிற்று.

"நீ செத்துட்டீன்னா ரூத்து மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?" என்று அழுதான். அவனைத் தேற்றியதே நான்தான். ஆனால் வயிறு எரிந்தது சார். உலகத்தில் அவன் ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது. அவன் செய்தது பச்சைத் துரோகம்.

அவனே பேசி எனக்கு வேறு வேலையும் வாங்கித் தந்தான். ஆபீஸ் மொட்டைமாடியில் நின்று காற்றுப் பார்க்கும் வேலை. ஓடுதளத்துக்குக் கிழக்கே கன்டெய்னர் அடுக்கு, மேற்கே கிடங்கு. கீழே காற்றே தெரியாது, கம்பத்தில் திசை காட்டும் காற்றுப்பை தொங்கிக் கிடக்கும். அடுக்கைத் தாண்டி மேலே ஏறியதும்தான் கடல்காற்று பக்கவாட்டில் அறையும். மாடியில் நிற்பவனுக்கு அது முதலில் காதில் படும். பிறகு வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் புகை ஊர்ப்பக்கம் திரும்பும். அதற்குமேல் யாரையும் கிளப்பக் கூடாது.

அன்று படம் எடுக்கிறவர் லீவு, விமானத்தில் இக்னேஷியஸ் மட்டும்தான். சம்பந்தமில்லாத ஆளுக்குக் கெடுதல் நினைக்கிறவன் இல்லை நான். கடல்காற்று இறங்கி என் சட்டை படபடத்தது. நான் அவசரப்படவில்லை. வள்ளூர் புகையும் திரும்பட்டும் என்று காத்திருந்தேன். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பது பைலட்டுக்கு நல்ல பழக்கம்.

வாக்கி டாக்கியில் கேட்டான்: "மச்சான், மேல காத்து இன்னா சொல்லுது?"

"ஒண்ணியும் இல்ல. தாராளமா போ."

"நீ சொன்னா சரி."

அடுக்கைத் தாண்டியதும் வலது இறக்கை தூக்கிக்கொண்டது. அவன் சரியாகத்தான் சமாளித்தான். உயரம் போதவில்லை. விமானம் உப்பங்கழிச் சேற்றில் குப்புற விழுந்தது. நான் படியிறங்கி ஓடினேன்.

என்ன சார் கேட்டீர்கள்? இல்லையே, நான் பேச்சை நிறுத்தவே இல்லையே. என் சட்டையெல்லாம் டீயா? நீங்கள் கொடுத்த டம்ளர் வழுக்கியிருக்கும். ஏட்டய்யா எதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்?

ரூத் வெளியே உட்கார்ந்து அழுவது இங்கே கேட்கிறது. "எங்கண்ணனுக்கு அந்த நேரம் பாத்து வலிப்பு வந்துகீது சார். அது வேணும்னு செய்யாது" என்கிறாள். நீங்களும் அப்படியே எழுதத் தயாராக இருக்கிறீர்கள். எழுதினால் நான் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

வேண்டாம் சார். காற்று தெரிந்தது, புகை தெரிந்தது, தெரிந்தேதான் போகச் சொன்னேன். என் தங்கை புருஷனை நான்தான் கொன்றேன். அந்த நேரத்தில் எனக்கு எந்த வியாதியும் இல்லை, முழு நினைவோடு இருந்தேன் என்று தெளிவாக எழுதுங்கள். வெளியே வந்ததும் லைசென்ஸைத் திரும்பக் கேட்க எனக்கு அது உதவும்.