போதுமா என்று கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆயர் அவர்களே, சபை மூப்பர்களே, தாயை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தையற்கார மகளே, சபையாரே, எல்லோருக்கும் கர்த்தருக்குள் என் வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்குக் கடைசியாக ஐந்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருடம் இந்த ஆலயத்தில் ஜெபம் நடத்தியவனுக்கு ஐந்து நிமிடம். இருக்கட்டும். வேதத்தை எழுத்துக்கூட்டி நானே படித்தவன் நான். சுற்றி வளைத்துப் பேச வராது.

ஆலயப் பணியாளர், நம் வாளியம்மா, போய்விட்டார். இருபத்தாறு வருடம் சனிக்கிழமை மத்தியானம்தோறும் இந்தத் தரையை முட்டிபோட்டுத் துடைத்தவர். முடித்ததும் ஆளில்லாத பீடத்தைப் பார்த்து, "போதுமா ஆண்டவரே?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நிற்பார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வாளியைத் தூக்குவார். சில நாள் தலை ஆடாது. மறுபடி முட்டிபோடுவார். யார் சொன்னார்கள் அவருக்கு?

இங்கே அவரைக் கேலி செய்யாதவர் யார்? "வாளியம்மா, மேலிடம் இன்னிக்கு என்ன சொல்லுச்சு?" என்று கேட்டவன் நான்தான். "உங்க பெஞ்சுக்கு அடியில இன்னொரு தடவ துடைக்கச் சொன்னாருண்ணே" என்றார்.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பழைய ஆயர் பிரசங்கத்தில் அவரைக் கைகாட்டி, "தேவனுக்குப் பிரியமான வாழ்வு இதுதான்" என்றார். முன் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்க்கவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை, பீடத்தின் பக்கத்தில் அங்கிகள் மாட்டும் அறையின் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் துடைத்து முடித்தார். "போதுமா ஆண்டவரே?" என்றார்.

"போதாது" என்றேன்.

துடைத்தார். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்று முறை, சபையாரே. அறுபது வயதுப் பெண்ணை மூன்று முறை முட்டிபோட வைத்தேன். வெளியே வந்தபோது அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நீங்கதான்னு முதல்லயே தெரியும்ணே. இடது குதிகால் தேஞ்ச செருப்பு வாசல்ல கிடக்குதே."

"அப்புறம் எதுக்குத் துடைச்சே?"

"மூலையில தூசி இருந்துச்சே. நீங்க சொன்னது நிஜம்தானே."

கோபமில்லை. சிரிப்புமில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. இன்று கேட்கிறேன். ஆள் இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, தரையைத் துடைக்க யார் வந்தீர்கள்? நான் வந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தனியாகத் துடைத்தேன். ஜன்னல் வழியே வந்த வெயில் ஈரத்தில் கிடந்தது. ஏன் கேட்டேன் என்று தெரியாது. "போதுமா ஆண்டவரே?" என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து, "போதாது" என்று வந்தது.

அது என் குரல். பதினொரு வருடத்துக்கு முந்தைய என் குரல், முடிவில் வரும் அந்தச் சின்னச் செருமலோடு. என் வாய் மூடியிருந்தது. திரையை விலக்கினேன். அங்கிகள் தொங்கின. அதற்குப் பின்னால் சுவர்.

ஓடியிருக்கலாம். நான் ஓடுகிறவன் இல்லை. குனிந்து பார்த்தேன். என் பெஞ்சுக்கு அடியில், மூலையில், தூசி இருந்தது. சொன்னது நிஜம்தான். துடைத்தேன். மறுபடி கேட்டேன். மறுபடி அதே குரல். மூன்றாவது முறை ஒன்றும் வரவில்லை. போதும் என்றும் வரவில்லை.

முப்பத்தெட்டு வருடம் நீளநீளமாக ஜெபித்தேனே, ஒரு நாளாவது முடிவில் ஆண்டவரிடம் போதுமா என்று கேட்டேனா? கேட்டுவிட்டு நின்றேனா? வாளியம்மா நின்றார். போதும் என்ற பதில் காதில் விழுந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆயர் அவர்களே, இனி அந்த வாளி என்னுடையது. வேறு ஆள் தேட வேண்டாம். முன் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காருங்கள்.

சபையாரே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் யாரும் இந்தப் பக்கம் வராதீர்கள். போதும் என்று ஒரு நாள் குரல் வந்தால், நான் வாசலில் போய்ப் பார்ப்பேன். அங்கே என் செருப்பு மட்டும்தான் கிடக்க வேண்டும்.