இரண்டு வெள்ளை வயர்கள்

என் கோழி சூப்பில் உப்பு அதிகம் என்று சோம்போர் ஊரில் யாரும் சொன்னதில்லை. முதலில் சொன்னவர் என் கணவர் வோயின்தான். அதுவும் ஆறு வருடம் பேச்சில்லாமல் கிடந்த பிறகு, கண்ணால் எழுதிச் சொன்னார். நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நோய் அவருடைய கையை, காலை, நாக்கை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. கண்மணிகள் மட்டும்தான் மிச்சம். எங்கள் இருவருக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் கேட்பேன், மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. வேறு யாருக்கும் அது தெரியாது. யாரும் கேட்கவுமில்லை.

வெளிநாட்டில், கிராட்ஸ் நகரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் லூபிங்கா, போன கோடையில் ஒரு மேக் மடிக்கணினியும் அகலமான திரையும் கொண்டுவந்தாள். திரையின் அடியில் கண் அசைவைப் பிடிக்கும் ஒரு பட்டை. அவருக்குப் பார்வை மங்கல் என்பதால் பெரிய திரை இல்லாமல் நடக்காது. அதில் முஷ்டியளவு எழுத்துகள் வரும். ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தால் சொல் சேரும். கணினி அதை உரக்கப் படிக்கும்.

"உப்பு ஜாஸ்தி" என்றது கணினி.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு மோமிர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆறு வருஷமா மனசுலயே வெச்சிருந்திருக்காரு, ரதோய்கா அக்கா. எத்தனை சட்டி சூப்பு முழுங்கினாரோ, பாவம்."

நானும் சிரித்தேன்.

லூபிங்கா ஊருக்குப் போன மறுநாள் அவர் வேறொன்று எழுதினார். அரைமணி நேரம் பிடித்தது. "லூபிங்காகிட்டயே போய் இருந்துக்கறேன். அவளைக் கூப்பிடு."

"ஏன், இங்க என்ன குறை?" என்று கேட்டேன்.

அவர் பதிலுக்கு எழுத்துகளைத் தேடத் தொடங்கினார். நான் காத்திருக்கவில்லை.

அந்தக் கருவிகளோடு இரண்டு வெள்ளை வயர்கள் வந்திருந்தன. ஒன்று படத்தையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். மற்றது சார்ஜ் மட்டும் ஏற்றும். இரண்டுக்கும் முனை ஒன்றே. லூபிங்காவே முதல் நாள் மாற்றிச் செருகிவிட்டுத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்றை எடுத்து மற்றதைச் செருகினேன். திரை இருண்டது. நல்ல வயரை எதிர்ச்சுவர் அலமாரியின் இழுப்பறையில், மெழுகுவர்த்திகளுக்கு அடியில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறைத்துச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை.

"நான் வெச்சபடியேதான் இருக்காம்மா? வயரை எதாச்சும் மாத்தினியா?" என்று போனில் மகள் கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் என்னடி தெரியும்?" என்றேன்.

மோமிர் நகல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். மேக்கைத் தொட்டதில்லை. மூன்று சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"சார்ஜ் ஏறுதே அக்கா. அப்போ வயர் நல்லாத்தான் இருக்கு. பிறகு ஏன் இந்தச் சனியன் திரையே இல்லைங்குது?"

"வேற வயர் இருக்கா?" என்று ஒருமுறை கேட்டார்.

"இல்லையே."

வோயின் இழுப்பறையையே பார்த்தார். மோமிரின் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. வேறு வழியாகப் படம் வரவழைக்கிறேன் என்று மோமிர் எங்கள் முகவரிக்குத் தபாலில் வாங்கிய இணைப்பானும் என் கையில்தான் வந்து சேர்ந்தது. அதையும் வயரோடு வைத்துவிட்டு, வரவில்லை என்றேன். கடைசியில் மோமிரே சொன்னார்: "இனி கருவி ஓடினாலும் புண்ணியமில்ல அக்கா. ஒரே பக்கமா வெறிச்சுக்கிட்டு இருக்காரு. எழுத்து தெரியற அளவுக்குக் கண்ணு இல்ல போல." நான் அதை மகளிடம் அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை.

டிசம்பரில் எங்கள் குடும்பத்துப் புனிதரின் திருநாள் வந்தது. அன்றைக்கு யாரையும் அழைக்கமாட்டோம், எல்லோரும் வருவார்கள். உட்கார இடம் வேண்டுமென்று திரையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். லூபிங்காவும் வந்தாள். இருபது பேர் முன்னால் கட்டிலருகே மண்டியிட்டாள்.

"அப்பா, என்கூட வந்துடுறீங்களா?"

அவர் மேலே பார்த்தார். அந்த எதிர்ச்சுவர் அலமாரிக்கு மேலே எங்கள் புனிதரான நிக்கோலாவின் படம் இருந்தது. எங்கள் வீடுகளில் அது எப்போதும் கிழக்குச் சுவரில்தான் இருக்கும். அவர் கண்ணை இறக்கவேயில்லை.

"சாமியைப் பாக்குறார்டி. இந்த வீட்டை விட்டு வரமாட்டாராம்" என்றேன்.

"கோயில் படி மிதிக்காத மனுஷன்..." என்று மோமிரின் மனைவி மூக்கைச் சிந்தினாள். "என்னைப் பிராந்தி குடிக்காதேன்னு சொன்ன பாதிரியாரை இவர்தான் கேலி பண்ணுவாரு" என்று மோமிர் கண்ணாடியைத் துடைத்தார். நிறையப் பேர் அழுதார்கள். லூபிங்காவும் அழுதாள். மறுநாள் வேலை இருந்ததால் மாலையே கிளம்பிவிட்டாள்.

பிப்ரவரியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் இருந்தது. பித்தப்பை அழுகியிருந்ததாம். எங்கே வலி என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் பிறகு சொன்னார். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மேலே பார்த்திருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். லூபிங்கா வந்து அங்கிருந்தே அழைத்துப் போயிருப்பாள். ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன். நான்கு நாளும் நான் தூங்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பதாம் நாள் படையலுக்கு மெழுகுவர்த்தி எடுக்க மோமிர் இழுப்பறையைத் திறந்தார். வயரையும் இணைப்பானையும் வெளியே எடுத்தார். பிறகு திரும்பிக் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

"அக்கா, அன்னிக்கு அவர் சாமியைப் பாக்கலியா?"

நான் மெழுகுவர்த்தியை வாங்கி ஏற்றினேன். அவர்தான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். வருத்தமில்லை.

வயரை மாற்றியது நான். இணைப்பானை ஒளித்தது நான். அந்த நான்கு நாளும் கேட்காமல் இருந்தது நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் நான் கொடுமை செய்தேன் என்று எழுதாதீர்கள். ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். அந்த உப்பு விஷயம் தவிர, கடைசி மூச்சு வரை அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.