ஏழாம் குடிலின் ஹீட்டர்

உங்கள் காப்பி பரவாயில்லை, அய்யா. நான் போடும் காப்பியையே குடித்துக் குடித்து எனக்கு நாக்கு செத்துவிட்டது. பதிவுக் கருவியை ஓடவிடுங்கள். சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை, களைப்பு மட்டும்தான்.

ஆரிகன் மாநிலத்தின் இந்த ஊரில் வீடில்லாதவர்களுக்கென்று பழைய கார் நிறுத்துமிடத்தில் நாற்பது மரக்குடில்கள் இருக்கின்றன. ஒரு கட்டில், ஒரு ஹீட்டர், உள்ளே பூட்டிக்கொள்ள ஒரு கதவு, அவ்வளவுதான் ஒரு குடில். அந்தக் கிராமத்துக்கு நான் நிர்வாகி. பணம் நகரசபையுடையது என்பதால் ஆண்டுதோறும் கையேந்த வேண்டும். ஆண்டுதோறும் குன்றின்மேல் வீடு வைத்திருப்பவர்கள் எழுந்து, ஏழைகள்மேல் தங்களுக்குள்ள பாசத்தை முதலில் சொல்லிவிட்டு, கிராமத்தை வேறெங்காவது கொண்டுபோகச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இந்த முறை நிதியை நிறுத்துவதென்றே உறுப்பினர்கள் பேசிவைத்திருந்தார்கள். நடுக்குளிரில் குடில்களை லாரியில் ஏற்றியிருப்பார்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் நகரசபைக்கு அழுகை போதாது. முன்பொரு குளிர்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தாள். அந்த வாரமே எல்லாக் கைகளும் உயர்ந்தன. கிராமம் பிறந்ததே அப்படித்தான். அவர்கள் அதை மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை.

குடிலுக்குக் காத்திருந்தவர்களில் ஹார்லன்தான் மூத்தவர். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். இரண்டு முறை அவர் முறை வந்தும், கைக்குழந்தையோடு நின்ற பெண்களுக்கு விட்டுக்கொடுத்தார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். என்னைக் கேலியாக மேயரம்மா என்றுதான் கூப்பிடுவார். நிதி வாக்கெடுப்புக்கு முந்தின நாள் மாலை சூப் வாங்க வந்தார்.

"என்ன மேயரம்மா, என் மாளிகை ரெடியா?"

"நாளைக்குச் சாவி உங்க கையில. இன்னிக்கு மட்டும் நகரசபை வாசல்ல படுத்துக்கோங்க. அங்க காத்து அடிக்காது."

"சரிதான். அவங்களும் ஒரு நாள் என் மூஞ்சில முழிக்கட்டும்."

துவைத்துத் தருகிறேன் என்று அவருடைய கனத்த போர்வையை வாங்கிக்கொண்டேன். துவைக்கவும் செய்தேன். உங்கள் போலீஸ்காரர்கள் என் அலமாரியில் எடுத்தது அதைத்தான்.

உறைநிலைக்குக் கீழே குளிரும் என்று வானிலை அறிக்கை சொன்னால்தான் இங்கே வீடில்லாதவர்கள் இரவு படுக்கத் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தைத் திறப்பார்கள். அன்றைய அறிக்கை ஒரு டிகிரி மேலே நின்றது. ஆகவே கூடம் பூட்டியிருக்கும். ஆற்றங்கரையில் இருக்கும் நகரசபை வாசலில் அறிக்கை சொல்வதைவிடக் குளிர் எப்போதும் கூடுதல். இரண்டும் எனக்குத் தெரியும். ஏழாம் குடில் அப்போது காலியாகத்தான் இருந்தது. சாவி என் சட்டைப் பையில். பலகை ஈரம் பிடித்துவிடக் கூடாதே என்று அதன் ஹீட்டரை ஓடவிட்டிருந்தேன்.

காலையில் முதலில் வந்த உறுப்பினர்தான் ஹார்லன் வாசலில் விறைத்துக் கிடந்ததைப் பார்த்தார். நிதியை நிறுத்தச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். மாலை வாக்கெடுப்பில் ஒரு கைகூடக் கீழே இல்லை. இன்னொரு கிராமத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கினார்கள். அதற்கு ஹார்லன் பெயரை வைத்து, என்னையே ரிப்பன் வெட்டச் சொன்னார்கள். அன்று நான் அழுதேன், அது நடிப்பில்லை.

ஆம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட மனதோடு செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். விட்டுக்கொடுப்பது அவர் சுபாவம். கேட்டிருந்தால் இதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் நான் கேட்கவில்லை.