முதல் ஐந்து பெட்டிகள்

நான் இயல்பிலேயே சோம்பேறி. ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் எரிச்சல் வரும். அந்த எரிச்சலில்தான் கணினியே வேலையைத் தானாகச் செய்துமுடிக்க ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டேன். எங்கள் மருத்துவமனையில் கணினிகளையும் கருவிகளையும் இணைக்கும் நெட்வொர்க் பெட்டிகள் அறுநூற்றுப் பத்து இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கைவைத்தால் மூன்று வாரம் இழுக்கும். என் ஸ்கிரிப்ட் ஒரே நாளில் முடித்துவிடும்.

என் அண்ணன் அதைக் கையால் செய்த காலத்தவன். இதே அலுவலகம், கணினிப் பிரிவுக்கு இதே தலைவர். ஒருநாள் அவன் மாற்றிய ஒரு கட்டளை வரியால் நான்கு மாடிகள் முடங்கின. அந்த வரியை முன்கூட்டியே படித்து ஒப்புதல் தர வேண்டியவர் தலைவர். அப்போதெல்லாம் ஒப்புதல் வாய்வார்த்தைதான். "பாத்தாச்சு, போடு" என்று சொல்லியிருந்தார், படிக்காமலே. விசாரணையில் "எங்கிட்ட அவன் காட்டவே இல்ல" என்று சாதித்துவிட்டார். அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு வருடமாக அவன் வாசலைத் தாண்டவில்லை. தொலைபேசி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தலைவரை நான் வெறுத்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அவன் தங்கை என்று சொல்லாமல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தலைவர் திருந்தியிருந்தால் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. ஒப்புதல் இப்போது கணினியில் பதிவாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது பக்கம் அனுப்பினாலும் பத்து நொடியில் பச்சைக்குறி வந்துவிடும்.

பெட்டிகளில் புது மென்பொருள் ஏற்றும்போது ஒவ்வொன்றும் இருபது நிமிடம் நிற்கும். அதனால் முதலில் ஐந்து பெட்டிகளில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். கிடங்கு, உணவகம், வாகன நிறுத்தம் என்று யாருக்கும் தொந்தரவில்லாத இடங்களாகப் பார்த்துப் போடுவோம். இதய வார்டு எப்போதும் கடைசிதான், அதுவும் அறைக்கு ஒரு செவிலியரை நிறுத்திவைத்து.

தலைவரின் அப்பா அந்த வார்டில் சேர்ந்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை அபாய மணி அடிக்கிறது என்று தலைவரே எல்லோரிடமும் சொல்லிக் கலங்கினார். நான் அந்த வார்டின் பெட்டியை ஐந்தாவதாகச் சேர்த்தேன். அது நின்றால் மூடிய அறைக்குள் கருவி அலறுவது செவிலியர் மேசைக்கு எட்டாது.

ஒளிக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி அந்த வரிக்கு மேலேயே எழுதினேன்: 'இதய வார்டின் அபாய மணி இருபது நிமிடம் கேட்காது. சம்மதமா?' மூன்று நாள் அது அவரிடம் கிடந்தது. நேரிலும் போய்ச் சொன்னேன்.

"சார், ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிருங்க."

"நீ எழுதினா தப்பு இருக்காதும்மா. பாத்தாச்சு, ஓட்டு."

அண்ணனிடம் சொன்ன அதே வார்த்தை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டினேன். பெற்ற அப்பனின் சாவுக்கு மகனே பச்சைக்குறி போட்டுவிட்டான் என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இருபது நிமிடமும் நன்றாகத் தூங்கினாராம். ஆறாம் அறைப் பெண்ணுக்குத்தான் இதயம் நின்றுபோனது. முப்பத்தொரு வயது, பிரசவமாகி ஒன்பது நாள் என்கிறீர்கள். ஒப்புதல் தந்தது அவர், ஓட்டியது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் அங்கே இருந்தது தெரியுமா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். தெரியாது. வார்டில் யார் யார் என்ற பட்டியல் என் திரையில் திறந்துதான் இருந்தது. மொத்தம் பதினொரு பேர். கிழவரின் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. அதற்குக் கீழே நான் படிக்கவில்லை.